நூற்றிருபது மக்கும் பைகள்

தையல்காரிக்கும் அவளுடைய நாத்தனாருக்கும் இடையில் நான்கு மாடிகள் இருந்தன. அது போதாது என்பது தையல்காரியின் கருத்து. நாத்தனார் வீடு நான்காம் மாடியில். தையல்காரியும் கணவரும் தரைத்தளத்தில். மாடிப்படிக்குக் கீழே, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நின்றே ஆக வேண்டிய ஒரு சின்ன அறையைக் குடியிருப்போர் சங்கம் அவளுக்கு விட்டிருந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் மெஷின் அங்கேதான் ஓடியது. வீட்டுக்குள் அதைப் போட இடமில்லை. அந்த அறை போனால் தொழிலும் போனதுதான்.

அந்த அறையின் மேல்தான் நாத்தனாருக்குக் கண். சங்கத்தின் பசுமைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. குப்பையைப் பிரிப்பது, மொட்டைமாடியில் உரம் போடுவது, குளியலறைத் தண்ணீரைச் செடிக்குத் திருப்புவது என்று எல்லாவற்றிலும் அவள் குரல்தான் முதலில் கேட்கும். செய்ததெல்லாம் நல்ல காரியம், அதைத் தையல்காரியே மறுக்கமாட்டாள். ஆனால் பழைய பேப்பரையும் பாட்டிலையும் சேர்த்துவைக்க அந்த அறை வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டாள். "அண்ணி வீட்டுக்குள்ளயே தைக்கலாமே" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு அறை விடலாம் போலிருக்கும்.

பகை தொடங்கியது என்னவோ ஒரு பள்ளிச் சீருடையில்தான். அண்ணன் பெண்டாட்டி கீழே மெஷின் போட்டு உட்கார்ந்திருக்க, நாத்தனார் தன் மகளின் சீருடையை இரண்டு தெரு தள்ளித் தைக்கக் கொடுத்தாள். கேட்டதற்கு, "அண்ணிக்கு எதுக்கு சிரமம்" என்றாள். இரண்டு வருடமாக அந்தப் பெண் தினமும் காலையில், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் காலரோடு தையல்காரியின் அறையைத் தாண்டிப் போனாள். அந்தக் காலரைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரிந்தது. நடுவில் அகப்பட்ட கணவருக்கோ மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

இந்த நிலையில்தான் பை வந்தது. சமையலறைக் கழிவை ஒரு துணிப்பையில் கட்டி, பையோடு அப்படியே உர டிரம்மில் போட்டுவிட வேண்டும். கழிவோடு பையும் மக்கிவிடும். இது நாத்தனாரின் யோசனை. துணியை அவளே போய் வாங்கி வந்தாள். "சுத்தமான பருத்தி" என்று கூட்டத்தில் தடவிக் காட்டினாள். தைத்துத் தரும்படி அண்ணியிடம் நேரில் கேட்க மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. துணிக்கட்டைக் கணவர்தான் தூக்கி வந்தார்.

"வீட்டுக்கு நாலு பை. தங்கச்சி கேக்குறா. ரெண்டு நாள் வேலைதானே."

முதல் தடவலிலேயே அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். பருத்தியாக இருந்தால் எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கறுப்பாக ஒரு மணி போல இறுகிக்கொண்டது. கட்டைப் பிரித்து உள்முனையைப் பார்த்தாள். ஆலை முத்திரை இருந்தது, பாலியஸ்டர் என்று கொட்டை எழுத்தில். பக்கத்தில் கடையின் பெயரும் சீட்டு எண்ணும். ஏழு ஜென்மத்துக்கும் மக்காது.

சொல்லத்தான் கிளம்பினாள். இரண்டு படி ஏறியிருப்பாள். மேலிருந்து அந்தக் கோணல் காலர் இறங்கி வந்தது. தையல்காரி அப்படியே திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தாள். ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்கு வாங்கும் துணியின் முனையைப் பார்க்கத் தெரியாதா? தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.

நூற்றிருபது பைகளையும் தைத்துக் கொடுத்தாள். சொன்னபடி பருத்தி நூலில்தான் தைத்தாள், ஒரு தையல் கோணவில்லை. கோபம் வேறு, கைவேலை வேறு. மிஞ்சிய முனைத் துண்டுக்கு ஓரம் அடித்து, முத்திரை உள்பக்கம் இருக்கும்படி மெஷினுக்குப் போர்த்திவைத்தாள். உரம் எடுக்க டிரம்மைச் சாய்க்கப்போகும் நாளுக்கு நான்கு மாதம் இருந்தது. அந்த நாளை நினைத்துக்கொண்டால் அவளுக்கு வேலை அலுக்கவில்லை.

டிரம்மைக் கிளறுவது தோட்டக்காரரின் வேலை. அறுபதைத் தொட்டவர். தினமும் பத்து மணிக்கு மொட்டைமாடியிலிருந்து இறங்கி, தையல்காரியின் வாசலில் தண்ணீருக்குப் பாட்டிலை நீட்டுவார்.

"மக்கவே மாட்டேங்குதும்மா" என்பார். "மண்ணு போட்டுப் பாத்தேன், காஞ்ச இலை போட்டுப் பாத்தேன். நாலாவது மாடியம்மா என்னைச் சோம்பேறிங்கிறாங்க. என்ன தப்பு பண்றேன்னே புரியல."

"பொறுங்க அண்ணே. வெயில் ஏறட்டும், மக்கிடும்" என்று தண்ணீரைப் பிடித்துக் கொடுப்பாள்.

அவர் நம்பினார். மறுநாள் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிளறினார்.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் மொட்டைமாடியில் கூடினார்கள். தோட்டக்காரர் முதல் டிரம்மைச் சாய்த்தார். நாற்றத்தில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தையல் நூல் மக்கிப்போய், பைகளெல்லாம் பிரிந்து, கறுப்புக் கூழுக்குள் சதுரம் சதுரமாகக் கிடந்தன. அவர் ஒன்றைக் கிளறுகிற முள்கரண்டியால் தூக்கிப் பிடித்தார். கழுவினால் இன்னொரு முறை தைக்கலாம் போல முழுசாக இருந்தது.

"நீ கிளறுன லட்சணம் இதுதானா?" என்று நாத்தனார் முதலில் அவர் மேல்தான் பாய்ந்தாள். பிறகு துணியைக் கிட்டத்தில் பார்த்தாள். முகம் மாறியது.

"நான் வாங்குனது பருத்தி. எல்லாரும் தொட்டுப் பாத்தீங்க" என்றாள் நிதானமாக. "அந்தத் துணி எங்க போச்சுன்னு தச்சவங்களைத்தான் கேக்கணும். நல்ல துணிய எடுத்து வச்சுக்கிட்டு மட்டமானதுல தச்சுக் குடுத்திருக்காங்க. இப்படிப்பட்டவங்களுக்கு சங்கத்து ரூம் எதுக்கு?"

கணவர் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சங்கத் தலைவர், மூன்றாம் மாடிப் பல் டாக்டர், தொண்டையைக் கனைத்தார். "என்னம்மா, பதில் சொல்லுங்க. இல்லன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்றதைத் தவிர எங்களுக்கு வேற வழியில்ல."

எதையும் எதிர்பார்த்திருந்தாள், திருட்டுப் பட்டத்தை மட்டும் எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு முழம் துணி அவளிடம் தங்கியதில்லை. நேராகக் கீழே இறங்கினாள். மெஷின் மேல் கிடந்த போர்வையை உருவிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்து டாக்டர் கையில் கொடுத்தாள்.

"உங்க பசுமைத் தலைவி வாங்கிட்டு வந்த கட்டோட முனை இது. சத்தமா படிங்க."

டாக்டர் படித்தார். ஆலையின் பெயர், பாலியஸ்டர், நாத்தனார் துணி வாங்கிய கடையின் பெயர், சீட்டு எண், எல்லாம் அதில் இருந்தன. நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"கடைக்காரன் பருத்தின்னுதான் சொன்னான்..." என்று இழுத்தாள்.

"அவன் சொன்னான், நீ நம்புன. என்னைத் திருடின்னு சொல்ல உனக்கு யார் சொன்னா?"

"ரூம் உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார் டாக்டர் அவசரமாக.

வயிறு குளிர்ந்தது. நான்கு மாதம் காத்ததற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்த மாதிரி இருந்தது. தோட்டக்காரர் கிட்டே வந்து அந்தத் துணியை எட்டிப் பார்த்தார். சாக்குக் கட்டியின் தீற்றலும் மெஷின் எண்ணெய்க் கறையும் படிந்திருந்தன.

"இது உங்க மெஷின் மேல கிடக்குறதுதானேம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "பை தச்ச நாள்லேர்ந்து பாக்குறேனே."

அவர் ஒருமுறை துணியைப் பார்த்தார், ஒருமுறை டிரம்களைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார்.

"அப்போ தெரிஞ்சேதான் வெயில் ஏறட்டும்னீங்களா?"

நேற்றுதான் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்த இடம் சிவப்பாகத் தெரிந்தது. அவளால் சொல்ல முடியவில்லை.

அவர் முள்கரண்டியைச் சுவரில் சாய்த்துவைத்தார். "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு என் கையா கிடைச்சுது?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை வரை நாத்தனாரும் அவளுமாகத்தான் அந்தச் சதுரங்களைக் கூழிலிருந்து பொறுக்கினார்கள், ஆளுக்கொரு டிரம், முதுகைக் காட்டிக்கொண்டு.

மறுநாள் பத்து மணிக்குத் தையல்காரி குடத்தை நிரப்பிவைத்துக் காத்திருந்தாள். தோட்டக்காரர் வரவில்லை. எட்டிப் பார்த்தபோது மேலே நான்காம் மாடி வாசலில் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, தண்ணி இங்க இருக்கு" என்று கூப்பிட்டாள்.

அவர் கைப்பிடிக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். "வேணாம்மா" என்றார். "இந்தம்மா திட்டுனாலும் மூஞ்சிக்கு நேரா திட்டுனாங்க."

நாத்தனார் பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள்.