ஆட்டிப் பார்க்கிற கை

தச்சர் எதையும் ஆட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். நாற்காலிக் கால், கதவு நிலை, கடையில் பளபளவென்று துடைத்து வைத்த மேசை, எதுவானாலும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவார். மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, உட்காரச் சொன்ன நாற்காலியையே ஆட்டிப் பார்த்த மனிதர். மாமனார் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஏணியிலிருந்து வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இருக்கிற ஒரு குட்டி எலும்பு இரண்டாகிவிட்டது. முந்திரிப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மாவுக்கட்டுப் போட்டார்கள். சில மாதம் கழித்துப் பிரித்துப் படம் எடுத்தால், இரண்டு துண்டும் பங்காளிச் சண்டை போட்டவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்றன. உளியைப் பிடித்தால் கை வலித்து நழுவவிட்டது. உளி பிடிக்க முடியாதவன் என்ன தச்சன்?

"கையை அசைச்சீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்களே."

பக்கத்தில் மனைவி தொண்டையைக் கனைத்தாள்.

"அசைக்கலை. பிடிச்சிருச்சான்னு பாத்தேன். காலையில எந்திரிச்சதும் இந்த இடது கையால கட்டைவிரலைப் பிடிச்சு, லேசா..."

"தினமுமா?"

"பசை காஞ்சுதான்னு பாக்க வேண்டாமா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த எலும்புக்கு ரத்தம் வர்றதே கொஞ்சம். தானா ஒட்டவே நாளாகும். நீங்க ஒட்டவே விடலை. இனி ஆபரேஷன்தான். செத்த பகுதியைச் சுரண்டிட்டு, இடுப்பெலும்புல ஒரு துண்டு எடுத்து இடைவெளியில வச்சு, ஸ்க்ரூ போடணும்."

தச்சர் முகம் மலர்ந்தது. "சந்துல சக்கை வச்சு முடுக்கறது! அட, நம்ம வேலை!"

"வேலை ஒண்ணுதான். ஆனா ஆட்டிப் பாக்கறது நான் மட்டும். இதுவும் ஒட்டலைன்னா கை பழையபடி வராது."

மலர்ந்த முகம் சட்டென்று சுருங்கிப்போனது.

ஆபரேஷன் முடிந்தது. ஆனால் நாய் வாலை நிமிர்த்த முடியுமா? மனைவிக்குத் தன் வீட்டுக்காரரைத் தெரியும். தினமும் அவர் கண் விழிக்கும் முன்பே டீ போட்டு வந்து, இடது கையை எட்டிப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கையில் டீ கிளாஸைக் கொடுத்த பிறகுதான் விடுவாள்.

"கல்யாணமான புதுசுலகூட இப்படிப் பிடிச்சதில்லையே" என்று தச்சர் குழைந்தார்.

"அப்ப உங்க கை இவ்வளவு ஆபத்துன்னு தெரியாதுங்க."

கடைசியாக எடுத்த படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ஒட்டிருச்சு. இப்ப தாராளமா அசைங்க, பாக்கலாம்."

தச்சர் அசைக்கவில்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டார். பயம், வெறும் பயம். "இருக்கட்டும் டாக்டர். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"நல்லா இருக்கே கதை!" மனைவி அந்த வலது கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "ஆட்ட வேண்டாம். என் கையைப் பிடிங்க. இன்னும். இன்னும் இறுக்கி. ஐயையோ, விடுங்க, வலிக்குது!"

அவர் விடவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இத்தனை வருடக் குடித்தனத்தில், அவள் வலிக்கிறது என்று கத்தியதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான்.