ஜெப விண்ணப்பத்தில் ஒரு திருத்தம்

வீட்டில் ஃபியூஸ் போனால் நான் ஜெபம்தான் செய்வேன். விஞ்ஞானத்தில் என் ஞானம் அவ்வளவு. அப்படிப்பட்டவன், கிழக்குத் தாம்பரத்தில் செவ்வாய்தோறும் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, "என் மகள் யூனிஸ் டாக்டராகணும், எல்லாரும் ஜெபியுங்க" என்று விண்ணப்பம் வைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் அன்று எனக்கு முன்னால் எழுந்த எட்மண்ட் தன் மகனின் ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் வைத்துவிட்டார். நான் சும்மா உட்கார முடியுமா?

அன்று முதல் கூட்டமே ஜெபித்தது. எட்மண்ட் முன்கூட்டியே நன்றியும் செலுத்த ஆரம்பித்தார். சர்ச் வாசலில் ஓர் அம்மாள் யூனிஸை நிறுத்தி முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்.

யூனிஸ் பத்தாவது வந்தாள். அப்போதெல்லாம் பதினோராவதில்தான் எஸ்.எஸ்.எல்.சி.; அதற்கு விருப்பப் பாடம் சொல்ல வேண்டிய வாரம். பொது விஞ்ஞானம் எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேல் கஷ்டமான பௌதிகத்தையும் எடுத்தால்தான் டாக்டர் படிப்புப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். இவளோ பொது விஞ்ஞானத்திலேயே நூற்றுக்கு இருபத்தெட்டு.

அவளுடைய ஆசிரியை ரத்தினபாய் என்னை வரச்சொன்னார்.

"பௌதிகம் எடுத்தா ரெண்டுலயும் போயிடும் சார். பொது சயின்ஸ் மட்டும்னா உழைச்சுத் தேறிடுவா. விருப்பப் பாடமா ஹிஸ்டரி எடுக்கட்டும், அதுல அவதான் முதல்."

"ஜெபத்தால ஆகாதா டீச்சர்?"

"நானும்தான் ஜெபிச்சேன். பேப்பர் திருத்தினதும் நான்தான்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். யூனிஸ் தலையைத் தூக்கவில்லை.

"பௌதிகமே எடுக்கறேம்ப்பா."

"பிடிச்சிருக்கா?"

"இல்ல. ஃபெயிலானா என்னைச் சொல்லுவாங்க. ஹிஸ்டரி எடுத்தா உங்களைச் சொல்லுவாங்க. நானே ஃபெயிலாயிட்டுப் போறேன்."

நான் ஜெபிக்கக் கண்ணை மூடினேன். என் மனைவி பியூலாவுக்கு அதெல்லாம் இல்லை.

"ஏங்க, விண்ணப்பம் வச்சது நீங்கதானே? நீங்களே வாபஸ் வாங்குங்க."

"ஜெபத்தை எப்படிடீ வாபஸ் வாங்கறது?"

"எழுந்து நின்னுதான்."

செவ்வாயன்று எழுந்து நின்றேன். ஆபீசில் மேனேஜர் முன்னால் கூட இப்படி வியர்த்ததில்லை.

"விண்ணப்பத்துல ஒரு சின்னத் திருத்தம். யூனிஸ் சரித்திரம் எடுக்கறா. டாக்டர்ங்கறது என் ஆசை; அவளை நான் கேட்கவே இல்ல. பொது விஞ்ஞானத்துல தேறணும், அதுக்கு ஜெபியுங்க."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். எட்மண்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை மார்க் வேணும் பிரதர்?"

"முப்பத்தஞ்சு."

"அவ்ளோதானா? இதுக்கா இந்தப் பாடு பட்டீங்க?"

எல்லாரும் கண்ணை மூடினோம். எட்மண்ட் தொடங்கினார்: "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு ஒரு முப்பத்தஞ்சு..."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் குறுக்கிட்டது.

"அங்கிள், நாற்பத்தஞ்சுன்னு கேளுங்க. நான் படிக்கறேன்."

ஜெபத்துக்கு நடுவில் பேசக்கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை. கண்டிக்கலாம் என்று கண்ணைத் திறந்தேன். பியூலா என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டேன்.

"நாற்பத்தஞ்சு, ஆண்டவரே" என்றார் எட்மண்ட்.