முந்நூற்றுப் பன்னிரண்டோடு முடிந்த கதை

இரண்டு பிள்ளை பெற்ற பிறகு எம்.ஏ. ஆங்கிலம் படிக்க வந்தவள் அவள். வகுப்பே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். இன்றைக்கு வைவா, ஆய்வேட்டுக்கான நேர்முகத் தேர்வு. தேறினால் பட்டம்; கோட்டை விட்டால் இன்னும் ஒரு வருஷம், அதற்கு வீட்டில் யாரும் தலையாட்ட மாட்டார்கள்.

கோதுமைப் பண்ணையில் தனியாக மாரடிக்கும் ஒரு விதவையைப் பற்றிய அமெரிக்க நாவல்தான் அவளுடைய ஆய்வு. நூலகத்துப் பிரதி, எப்போதோ பிரித்துத் தைத்து அட்டை போட்டது. கடைசிப் பக்கத்தில் விதவை கதவைத் திறந்துகொண்டு வெளியே பார்த்து நிற்பாள். போவாளா, இருப்பாளா என்று சொல்லாமல் விட்ட அழகைப் பற்றி மூன்றாம் அத்தியாயம் முழுக்க உருகி உருகி எழுதியிருந்தாள்.

கேள்வி கேட்க வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் தன் பிரதியைப் புரட்டினார். "கதவைச் சாத்திட்டுக் கெளம்பிடறாளே, அதப் பத்தி ஏம்மா ஒரு வரிகூட இல்ல?"

அவள் எட்டிப் பார்த்தாள். அவர் புத்தகத்தில் முந்நூற்று இருபத்தெட்டுப் பக்கம். அவளுடையது முந்நூற்றுப் பன்னிரண்டோடு சரி. தைத்தவர் கடைசிப் பதினாறு பக்கத்தைக் கோக்காமலே விட்டிருக்கிறார்.

பக்கத்தில் அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு. ஒரு காற்புள்ளி பிசகினாலும் விடமாட்டார் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் ‘கமா’. அவர் அவசரமாக உள்ளே புகுந்து, திறந்த கதவு ஒரு குறியீடு, இந்த மாணவி வேண்டுமென்றேதான் ஆய்வை அங்கே நிறுத்தினாள் என்று சப்பைக்கட்டு கட்டினார். ஆமாம் என்று தலையசைத்தால் போதும், தப்பித்துவிடலாம். அவள் பேராசிரியர் பக்கம் திரும்பினாள்.

"இல்ல சார். அந்தப் பக்கங்களை நான் படிக்கவே இல்ல. என் புத்தகத்துல அது கிடையாது. கதையே அவ்வளவுதான்னு நெனச்சிட்டேன்."

கமாவின் முகம் செத்துப்போயிற்று. பேராசிரியர் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"இப்பவே படிங்க. படிச்சிட்டு, எது நிக்குது எது விழுதுன்னு நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க அவள் படித்தாள். விதவை கதவைச் சாத்தினாள், பூட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"மூணாவது அத்தியாயம் மொத்தமா விழுந்துடுச்சு சார். முதல் ரெண்டும் நிக்கும்."

அவர் பேனாவைத் திறந்தார். ஒரு மாதத்துக்குள் மூன்றாவதைப் புதிதாக எழுதித் தந்தால் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கமாவைப் பார்த்து, நீங்கள் எந்தப் பிரதியைப் படித்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

கமா கண்ணாடியைக் கழற்றினார். "இருபது வருஷமா அதே நூலகப் புத்தகத்தை வச்சுத்தான் பாடம் நடத்துறேன்."

அவள் பேராசிரியரின் புத்தகத்தைக் கமாவின் முன்னால் நகர்த்தி வைத்தாள்.