அண்ணி பேசிய ஊர்

1

இந்தக் கதை அண்ணி சொன்னது. சிரித்துக்கொண்டே சொன்னார். நகைச்சுவைக் கதை என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெண் தொலைபேசியை எடுத்து—

(வேண்டாம். அவர் எங்கிருந்து பேசினார் என்பது எனக்குத் தெரியாது.)

2

அண்ணன் பொது வானொலியின் வட்டார நிலையத்தில் தயாரிப்பாளர். வாரம் ஒரு நாள் ஓர் அதிகாரி வந்து உட்காருவார். ஊர்க்காரர்கள் தொலைபேசியில் குறை சொல்ல வேண்டும். பல வாரம் யாரும் அழைப்பதில்லை. அப்போதெல்லாம் நிலையத்தின் பக்கத்து அறையிலிருந்து அண்ணி ஊர்க்காரி மாதிரி அழைப்பார்.

"சாமி, நாங்க எழுதப் படிக்கத் தெரியாத சனங்க சாமி."

அண்ணி இயற்பியலில் முதுகலை.

3

போக்குவரத்து அதிகாரி வந்த அன்று உண்மையிலேயே ஓர் அழைப்பு வந்தது. ஒலிபரப்புக்கு விடுமுன் அண்ணன்தான் கேட்பார்.

"வணக்கம் ஐயா. எங்கள் ஊருக்கு வரும் காலைப் பேருந்தை நிறுத்தப்போகிறார்கள். என் கணவரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல எங்களுக்கு வேறு வழி இல்லை. இதை அதிகாரியிடம்—"

அண்ணன் துண்டித்தார்.

"யாருங்க?" என்றார் அண்ணி.

"நம்ம நியூஸ் வாசிக்கிற பொண்ணு. வெளையாடுது. ஊர்க்காரங்க இப்படியா பேசுவாங்க?"

"அப்ப நான் பேசுறது?"

"நீதாம்மா ஒரிஜினல். போ, லைனுக்குப் போ."

அண்ணி போய், பஸ்ஸுக்கு நிக்க நிழல் இல்ல சாமி என்றார். நிழற்குடை கட்டித் தருவதாக அதிகாரி அங்கேயே வாக்களித்தார். பேருந்துகளைப் பற்றி வேறு புகார் இல்லை என்று மகிழ்ந்தார்.

4

மறுநாள் செய்தி வாசிக்கும் பெண் சொன்னாள்: "நேத்து நான் லீவு சார்."

(வானொலியோடு பேசும்போது மக்கள் வானொலி மாதிரிதான் பேசுவார்கள், விருந்துக்கு நல்ல துணி உடுத்திப் போவதைப்போல. அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் வானொலிதான். இந்தப் பத்தி கட்டுரைக்கு உரியது. நீக்க மனம் வரவில்லை.)

5

முடிவு ஒன்று: பேருந்துக்காக அழைத்த பெண் மறுபடி அழைக்கிறார்.

(அழைக்கவில்லை. அண்ணன் வாரக்கணக்கில் லைனைக் காலியாக வைத்திருந்தார். அண்ணியைக்கூடப் பேச விடவில்லை.)

முடிவு இரண்டு: அண்ணன் அவரைத் தேடிப் போகிறார்.

(எந்த ஊருக்கு? அந்த மாதம் நிறுத்திய பேருந்துகள் பல. பெயரையும் ஊரையும் அண்ணன் கேட்கவே இல்லை.)

முடிவு மூன்று: அந்தப் பெண்ணே பேசுகிறார். இதை மட்டும் முழுதாக எழுதினேன். அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார். இப்போது சிரிக்கவில்லை. "நான் லைன்ல பேசுற மாதிரியே இருக்கு."

அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டேன்.

அந்தக் கணவர் மருத்துவமனைக்குப் போனாரா என்பது எனக்குத் தெரியாது. உங்கள் பக்கம் காலைப் பேருந்து நின்றுபோன ஊர் ஏதும் இருந்தால் அங்கே விசாரியுங்கள். அந்தப் பெண் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.

கேட்டதை என்னிடம் சொல்ல வேண்டாம். எழுதிவிடுவேன்.