நரம்புக்கு உரம்

சகல ஜனங்களுக்கும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், துணியைத் தொட்ட மாத்திரத்தில் அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடும் விரல்களுக்குச் சொந்தக்காரரான கடைவீதித் தையல்காரர், கையில் இருப்பது ஊசியா நூலா என்று தெரியாமல் தடவத் தொடங்கிவிட்டார்.

விதை போட்டவர் மைத்துனர். "அசதியா இருக்கு" என்று தையல்காரர் ஒருநாள் வாய்விட்டுவிட்டார். போதாதா? மைத்துனர் தொண்டையைச் செருமிக்கொண்டு மாநாட்டுக் குரலில், "மாமா, உங்க நரம்புக்கு உரம் போடணும்" என்று அறிவித்து, ஒரு வைட்டமின் பி புட்டியை மேசையில் வைத்தார். "வெறும் வைட்டமின்தானே! கூடினாலும் மூத்திரத்துல போயிடும்."

மூத்திரம் தங்கமாய் மின்னியது. தையல்காரருக்கு உள்ளூரப் பெருமை. சில மாதங்களில் விரல்நுனிகள் மரத்தன. உரம் போதவில்லை போலும் என்று ஒன்றை இரண்டாக்கினார். மனைவி பயப்படுவாளே என்று புட்டியைப் பித்தான் டப்பாவில் ஒளித்தார்.

ஊசி விரலில் ஏறியும் அவர் முகம் சுளிக்காததை ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள். பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். தலையணை உறைக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பிடிப்பதுபோல் இருந்தது அவருக்கு. கடை போனால் போகட்டும், இவள் கையுமா போய்விடும்?

மேலும் சில வாரங்கள் போயும் சரியாகவில்லை. மறுப்பைக் காதில் வாங்காமல் அவள் அவரை மருத்துவரிடம் இழுத்துப்போனாள்.

"சாப்பிடற மாத்திரையெல்லாம் எடுத்து வைங்க."

அவர் திருடனைப்போலச் சட்டைப்பையிலிருந்து புட்டியை எடுத்தார். மனைவி கைப்பையைத் திறந்து, அதேபோல் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தாள்.

"இது ஏது?"

"தம்பி குடுத்தான். ஊசி குத்தின அன்னிலேர்ந்து உங்க பால்ல பொடிச்சுப் போடறேன்."

"எனக்குத் தெரியாமயா?"

"ஆமா, நீங்க எங்கிட்ட சொல்லிட்டுத்தானே முழுங்கினீங்க!"

மருத்துவர் புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இதுல பி6 எக்கச்சக்கம். அளவுக்கு மேல ரொம்ப நாள் சாப்பிட்டா அதுவே நரம்பைக் கெடுக்கும். மூத்திரம் மஞ்சளா போறது பி2னால, அதுக்குப் பயப்பட வேண்டாம். ரெண்டு புட்டியையும் நிறுத்துங்க. சர்க்கரை, பி12 எப்படி இருக்குன்னு ரத்தத்தையும் பார்த்துடலாம்."

"மரத்தது திரும்பி வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வரும். மெதுவா."

"சீக்கிரம் வர மாத்திரை ஏதாவது..."

மனைவி தொடையில் கிள்ளினாள். அது அவருக்கு நன்றாகவே உறைத்தது.

ரத்தத்தில் குறையில்லை. வேலை முடிந்த மாலைகளில் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரலடியில் துண்டுத்துணி வைப்பாள். "பருத்தியா, பட்டா?" அவர் பருத்தியைப் பட்டு என்பார்; பட்டைச் சாக்கு என்பார். "மகா விரல்!" என்று அவள் சிரிப்பாள். சிரிப்பு பாதியில் நிற்கும்.

மாதங்கள் போயின. ஒரு மாலை துணிக்குப் பதில் தன் விரலை வைத்தாள்.

"இது நீ" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெகுநேரம் துண்டுத்துணிகளை மடித்தாள்.

விரல் மீண்ட மகிழ்ச்சியில், அளவுநாடாவையே தொடாமல், அவளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்.

ஒரு கை நீளமாக இருந்தது, வழக்கம்போல.