சபை முற்றத்தில் கருவாடு

பூரணி தொட்டிக்குள் கையை விட்டபோது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. உப்புத்தண்ணீருக்கு ஞாபகசக்தி அதிகம். நேற்றுக் கத்தி கீறிய இடம் எது, முந்தாநாள் முள்ளு ஏறிய இடம் எது என்று விரல் விரலாகத் தேடிப்போய்க் கடித்தது. அவள் முகத்தைச் சுளிக்காமல், இரவு முழுவதும் ஊறிய கட்டா மீன்களை இரண்டிரண்டாக அள்ளிப் பனையோலைக் கடகத்தில் போட்டாள். முதுகு பிளந்து, குடல் எடுத்து, விரித்து வைத்த மீன்கள். கழுவி, வடியவிட்டு, பத்து மணிக்குள் வெயிலில் போட்டாக வேண்டும். தவறினால் சதை சிவந்து வழுவழுத்துவிடும். பிறகு நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு அப்பால் போகும்.

அவளைச் சுற்றி இன்னும் இருபத்திரண்டு பெண்கள் குனிந்திருந்தார்கள்.

அந்த இடம் ஒரு காலத்தில் ஐஸ் தொழிற்சாலை. எண்பத்தைந்தில் மின்மாற்றி வெடித்ததோடு யந்திரம் வாயை மூடிற்று. கொழும்புக்குப் போன உரிமையாளர் திரும்பி வரவில்லை. காணி நகரசபையின் கைக்கு வந்தது. கூரைத் தகரங்களைக் காற்றும் களவும் பங்குபோட்டுக்கொண்டன. மிஞ்சியவை ஐஸ் தொட்டிகளும் ஒரு பரந்த சீமெந்துத் தரையும். உருகும் தண்ணீர் வழிந்தோட வேண்டுமென்று யாரோ ஒரு கெட்டிக்கார மேசன் தரையைக் கடல் பக்கம் சற்றே சாய்த்துக் கட்டியிருந்தான். மீனில் வடியும் உப்புநீரும் அதே வழியில் ஓடியது. மணலில் மூன்று நாள் கிடக்கும் மீன் இங்கே ஒன்றரை நாளில் காய்ந்தது. கடற்படை கடற்கரைக்கு முள்ளுக்கம்பி போட்ட பிறகு, துறைமுகப் பக்கம் கருவாடு போட வேறு தரை இல்லை. சல்லிப் பெண்களும், மூதூரிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்களும் எட்டு வருடமாக அந்தச் சீமெந்தில்தான் சோறு விளைவித்தார்கள்.

மீன் இரத்தினசிங்கம் முதலாளியுடையது. கருவாடும் அவருடையது. இடையில் இருந்த வேலை மட்டும் பெண்களுடையது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம் அது. அரசாங்கமும் இயக்கமும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தன. சண்டை ஓய்ந்ததை ஊர் நம்பத் தயங்கிக்கொண்டிருக்கையிலேயே காணித் தரகர்கள் நம்பிவிட்டார்கள். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஊரின் மூலைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

ஆறு மணிக்கு வேலியோரம் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வட்டார மெம்பர் அப்துல் மஜீத். சீலைக்கடைக்காரர். ஒரு முழம் துணி வெட்டுவதற்குள் வந்தவரின் குடும்பக் கதை முழுவதையும் அளந்துவிடுவார். தன் கதையில் ஒரு சாணும் கொடுக்கமாட்டார். அன்று அவராகவே மடியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்துப் பூரணியிடம் நீட்டினார். இன்று பத்து மணிக்குச் சபைக் கூட்டம். ஏழாம் விடயம், பழைய ஐஸ் தொழிற்சாலைக் காணி. கடைத்தொகுதியும் விடுதியும் கட்ட முப்பது வருடக் குத்தகை. கேட்பவர் இரத்தினசிங்கம். காணியின் நிலை: பாவனையற்ற வெறுங்காணி. ஆதாரம்: இணைக்கப்பட்ட புகைப்படம்.

“படத்திலை ஒரு செதில்கூட இல்லை, தங்கச்சி,” என்றார் மஜீத். “முக்காவாசி மெம்பர்மார் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவங்களுக்கு இந்தப் படந்தான் காணி.”

அந்தப் படம் எப்படி வந்ததென்று பூரணிக்குத் தெரியும்.

பத்து நாளைக்கு முன் முதலாளி வந்து, சபை அலுவலக ஐயாமார் இடம் பார்க்க வருகிறார்கள், கூரையும் தண்ணீர்க் குழாயும் தரக்கூடும், மூக்கைப் பொத்தாமல் நிற்கக்கூடிய மாதிரி வைத்திருங்கள் என்றார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இரண்டு தரம் யோசித்திருப்பார்கள். ஆனால் இவர்கள் பஸ்ஸில் பின்னால் போய் இருக்கச் சொல்லப்பட்டவர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் கதவோரமாக நின்றவர்கள். நாற்றம் என்ற சொல்லுக்கு முன்னால் அவர்களுடைய கெட்டித்தனமெல்லாம் கைகட்டி நின்றுவிடும். இரண்டு நாள் மீன் இறக்காமல் தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தார்கள். சாக்குகளையும் கடகங்களையும் வேலிக்குப் பின்னால் ஒளித்தார்கள். சுபைதா சாம்பிராணி போட்டாள். பூரணி வாசலில் கோலம் போட்டாள். ஐயாமார் வந்து, நல்ல துப்புரவு என்று மெச்சி, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலை செய்கிறவர்கள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மரியாதைக்காக அவர்களும் வேலிக்குப் பின்னால்தான் நின்றார்கள்.

ஊர்வலமாக வராதீர்கள், அவசரகாலச் சட்டத்தில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார் மஜீத். இரண்டு பேர் வந்து மனுக் கொடுக்கலாம். மற்றவர்கள் மீனைப் பார்க்கட்டும்.

அப்போதுதான் பூரணி தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக ட்ரக்டரில் பத்துப் பன்னிரண்டு கடகம் மீன்தான் வரும். நேற்று மாலை இரண்டு மடங்கு இறங்கியிருந்தது. இருபத்துமூன்று பேரும் நிமிராமல் செய்தாலும் கழுவி, வடியவிட்டு, விரித்து முடியப் பத்து மணியாகிவிடும். இந்தத் தாராளம் எங்கிருந்து வந்ததென்று இப்போது விளங்கியது.

மஜீத்தின் சைக்கிள் மறைந்து அரை மணியில் முதலாளியின் பிக்கப் வந்தது. அவர் இறங்கித் தரையைப் பார்த்தார்.

“என்ன பூரணி, இன்னும் தரை வெறுமையாக் கிடக்கு?”

“படம் பிடிக்க ஆக்கள் வருவினமோ எண்டு பாத்தனாங்கள், முதலாளி.”

அவர் சிரிக்கவில்லை. தொட்டிக் கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு சாவதானமாகக் கதைத்தார். சண்டை முடிந்தால் வெள்ளைக்காரர் வருவார்கள், விடுதி வேண்டும், இந்த ஊரும் ஒரு நாள் ஊராக வேண்டாமா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உனக்கு அங்கை ஒரு வேலை நான் தாறன். நிழலுக்கை.”

“மிச்ச இருபத்திரண்டு பேருக்கும்?”

“நானென்ன தருமச் சத்திரமோ கட்டுறன்?”

“நீங்கள் கட்டப்போறது எங்கட தரையிலை.”

“உங்கட தரையோ? உறுதிப் பத்திரம் இருக்கோ?”

“உங்களிட்டையும் இல்லை, முதலாளி. அதாலைதானே சபைக்குப் போறியள்.”

முதலாளி காலை எடுத்துக் கீழே வைத்தார். பேரம் முடிந்துவிட்டதென்பதற்கு அவர் வழக்கமாகச் செய்வது அது. “மீன் என்ரை. பத்துக்குள்ளை வெயிலுக்குப் போகவேணும். ஒரு கட்டா பழுதானாலும் நாளையிலையிருந்து இந்தப் பக்கம் ட்ரக்டர் வராது.”

“ஓம். ஒண்டும் பழுதாகாது.”

பிக்கப் போன பிறகு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பக்கத்துத் தொட்டிக்காரி சுபைதா கத்தியைக் கீழே வைத்தாள். மூதூர்க்காரி, பூரணிக்கு ஆறு வயது மூத்தவள், கொழும்பில் வீட்டு வேலை செய்த காலத்தில் சிங்களம் பழகியவள்.

“என்ன புள்ள, ஓமெண்டு சொல்லிட்டாய்?”

“காயப்போடச் சொன்னார், ராத்தா. எங்கை எண்டு சொல்லேல்லை.”

சபை முற்றமும் சீமெந்துதான். தண்ணீர்க் குழாய் கேட்டு மனுக் கொடுக்கப் போன நாட்களில் பூரணி அதை நன்றாகப் பார்த்திருந்தாள். மத்தியானம் வரைக்கும் நிழல் விழாத முற்றம். அவள் சொன்னதைக் கேட்டு முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு அது பயமாக மாறியது. வழியில் சந்திச் சோதனைச்சாவடி இருக்கிறது. ஈச்சிலம்பற்றுக் கமலேஸ்வரியின் புருஷன் தொண்ணூறில் ஒரு சாவடிக்குள் போனவன். இன்னும் வெளியில் வரவில்லை. தான் வரமாட்டேன் என்றாள் அவள். ஒருவரும் அவளை வற்புறுத்தவில்லை. ஊர்வலம் போகவில்லை, கோஷம் இல்லை, பதாகை இல்லை, முதலாளி சொன்ன வேலையைச் செய்யப்போகிறோம் என்றாள் பூரணி. வடியவிட நேரமில்லை, கழுவிய ஈரத்தோடே கடகங்கள் நிரம்பின. தலைகளில் ஏறின. கடைசியில் கமலேஸ்வரி எழுந்து வந்து, தன் கடகத்துக்கு ஒரு கை பிடிக்கச் சொன்னாள்.

சாவடியில் ஒரு சிப்பாய் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் தடியை விட்டு மீனைக் கிளறினான். அதிகாரி கூட்டத்தை எண்ணினார். இத்தனை பேர் சேர்ந்து எங்கே என்று கேட்டார். சுபைதா சிங்களத்தில், மீன் காயவைக்கப் போகிறோம் மாத்தயா, கடற்கரையை நீங்கள் மூடியிருக்கிறீர்கள் என்றாள். அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். உப்புநீர் அவர்களுடைய கழுத்தில் வழிந்து முதுகில் இறங்கியது. யாரும் துடைக்கக் கையை எடுக்கவில்லை.

இருபத்துமூன்று அடையாள அட்டைகளையும் வாங்கி அவர் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டார். பன்னிரண்டரை மணிக்கு எல்லோரும் வரவேண்டும். ஒருத்தி குறைந்தாலும் ஒருத்திக்கும் கிடையாது.

அட்டை இல்லாமல் அந்த நாட்களில் ஒருவர் தன் வீட்டுப் படலையைத் தாண்டவே யோசிப்பார். இருபத்துமூன்று பேர் நகருக்குள் நடந்தார்கள். கமலேஸ்வரியின் உதடுகள் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

பத்து மணிக்குள் சபை முற்றத்தில் சாக்குகள் விரிந்தன. தோல் கீழே, சதை மேலே, வரிசை வரிசையாகக் கட்டா. ஓடிவந்த காவலாளி, இது என்ன ஆர்ப்பாட்டம் என்று கத்தினான். ஆர்ப்பாட்டம் இல்லையண்ணை, கருவாடு என்றாள் சுபைதா. அவனுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகளில் கருவாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

அன்று மின்சாரம் இல்லை. மேல்மாடி மண்டபத்தில் யன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் கருவாடு. ஒன்பது மெம்பர்மாரும் இரண்டு தரம் மூடிப் பார்த்து, இரண்டு தரம் திறந்தார்கள். முன்கதிரையில் விருந்தாளியாக இரத்தினசிங்கம் இருந்தார். பூரணியும் சுபைதாவும் பின்வரிசை வாங்கில் இருந்தார்கள். பதினொன்றரைக்கு ஏழாம் விடயம் வந்தது. தலைவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே “பாவனையற்ற வெறுங்காணி” என்று வாசித்தார். பிறகு பொறுமை போய், முற்றத்தில் கிடப்பது யாருடைய வேலை என்று கேட்டார். பூரணி எழுந்தாள். பார்வையாளர் பேசக்கூடாது என்றார் ஒரு மெம்பர். கேட்டது தலைவர், விடை தெரிந்தவர் சொல்லட்டும் என்றார் மஜீத்.

“இது சபை முற்றம்,” என்றார் தலைவர். “இஞ்சை மீன் காயப்போட ஏலாது.”

“ஓம் ஐயா. எங்கை போடுறது எண்டு சொல்லுங்கோ.”

“வழமையாப் போடுற இடத்திலை போடுங்கோ.”

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் தலைவர் அதன் முகத்தைப் பார்த்தார். மண்டபத்தில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. ஈக்களும் நிறையவே வந்திருந்தன.

“அந்த இடத்தைத்தான் ஐயா, இப்ப வெறுங்காணி எண்டு வாசிச்சனீங்கள்.”

இரத்தினசிங்கம் எழும்பாமலே திரும்பினார். “அப்ப படம் பொய்யோ?”

“படம் பொய் சொல்லேல்லை, முதலாளி. நாங்கள்தான் சொன்னனாங்கள்.” பூரணி தலைவர் பக்கம் திரும்பினாள். “எங்கட நாத்தத்தை வெக்கப்பட்டு ஒளிச்சனாங்கள். அதோடை எங்களையும் ஒளிச்சுப்போட்டம். பிழை எங்கட. இனி ஒளிக்கமாட்டம்.”

மஜீத் எழுந்து, வேலை நடக்கிற ஒரு நாளில் ஒன்பது பேரும் நேரில் போய்ப் பார்க்கும்வரை விடயத்தைப் பதினான்கு நாள் ஒத்திவைக்க வேண்டுமென்றார். சீலைக்கடையில் அவர் இவ்வளவு சுருக்கமாக ஒருநாளும் கதைத்ததில்லை. ஐந்து கைகள் உயர்ந்தன. மூன்று உயரவில்லை. தலைவர் கசப்பு மருந்து குடித்தவர்போல் ஒத்திவைத்தார்.

படியில் இறங்கும்போது இரத்தினசிங்கம் பூரணியின் பக்கத்தில் வந்தார். பதினான்கு நாள் நீளமானது என்றார். நாளையிலிருந்து ட்ரக்டர் வராது. அடுப்பு எத்தனை நாள் பொறுக்குமென்று பார்ப்போம். நிலாவெளியில் வேறு கரைவலைக்காரரும் இருக்கிறார்கள் என்றாள் பூரணி. அவர்கள் மீன் தருவார்களா என்று அவளுக்கே தெரியாது.

மேல் யன்னலிலிருந்து தலைவரின் கட்டளை வந்தது. தான் கீழே இறங்குவதற்குள் முற்றம் துப்புரவாக இருக்கவேண்டும். எட்டுத் துப்புரவுத் தொழிலாளர்கள் விளக்குமாறும் தள்ளுவண்டியுமாகப் பின்பக்கத்திலிருந்து வந்தார்கள். முன்னால் அவர்களுடைய மேற்பார்வைக்காரன் சின்னராசா, இருபது வருடம் இந்த நகரத்தின் கழிவுநீர்க் கானுகளைத் தோண்டியவன்.

மணி பன்னிரண்டேகால். மீனைப் பிரட்டிப் போடவேண்டிய நேரம். இப்போது பிரட்டாவிட்டால் அடிப்பக்கம் வெந்து சாக்கோடு ஒட்டிவிடும். சாவடிக்கு இருபத்துமூன்று பேரும் போகவேண்டிய நேரமும் அதுதான். இப்போது விளக்குமாறுகளும் வந்துவிட்டன. பெண்கள் ஒருவரும் சொல்லாமலே சாக்குகளுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். கமலேஸ்வரி நடுவில் நின்றாள். சாவடிப் பக்கமும் மீன் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள், நகரவில்லை. அட்டைகள் சாவடியில் கிடக்கின்றன, பன்னிரண்டரைக்கு எல்லோரும் அங்கே நிற்கவேண்டும் என்றாள் பூரணி சின்னராசாவிடம்.

சின்னராசா யன்னலை நிமிர்ந்து பார்த்தான். “நாத்தமடிக்குதாம், கூட்டட்டாம்,” என்றான் தன் ஆட்களிடம். “நாத்தத்துக்குப் பயந்தால் நாங்கள் ஒருநாளும் வேலைக்கு வரேலாது.”

விளக்குமாற்றைத் தள்ளுவண்டிக்குள் போட்டான். மற்ற ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் விழுந்தன. மேலேயிருந்து தலைவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் சாக்கருகே குந்தினான்.

“எங்களுக்கு நாளைக்கு விசாரணை வைப்பினம். வைக்கட்டும்,” என்றான் பூரணியிடம். “நீங்கள் போய் அட்டையளை எடுத்துக்கொண்டு வாங்கோ. எந்தப் பக்கம் மேலை வரவேணும் எண்டு மட்டும் காட்டிப்போட்டுப் போங்கோ.”

பூரணி அவனருகே குந்தி, ஒரு கட்டாவை வாலில் பிடித்துத் தூக்கி, தோல் வெயிலைப் பார்க்க மெதுவாகப் படுக்கவைத்தாள். எட்டுப் பேரும் அவளுடைய கையைப் பார்த்தார்கள். பிறகு எட்டு வரிசைகளில் எட்டு மீன்கள் பிரண்டன.