டெல்மார் விட்டுக்கொடுத்த இரண்டு நிமிடம்

“மிஸ் ஜனினா, குளத்தை எதுக்குப் பூட்டி வெச்சிருக்காங்க? அது என்ன தப்பு பண்ணிச்சு?”

கிழக்குப் பகுதி நகராட்சி நீச்சல் குளத்தின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடையில் கேட்டாள் ஏழு வயது நைலா. கதவில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. பார்த்தால் யாருக்கும் சிறைச்சாலைதான் நினைவுக்கு வரும். அந்தக் குளத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் ஜனினா கோவல். அவளுக்குப் பதில் தெரியும். பம்பு பழுது. மாற்ற நகராட்சியிடம் பணமில்லை. கடல் போன்ற ஈரி ஏரியை வாசலில் வைத்துக்கொண்டு ஒரு பகுதிப் பிள்ளைகள் முழுக்க நீந்தத் தெரியாமல் வளரப்போகிறார்கள். இதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

“அது ஒரு தப்பும் பண்ணலடி கண்ணு,” என்று மட்டும் சொன்னாள்.

பம்புக்குப் பணம் சேர்க்கத்தான் ஜனினாவும் புனித காசிமிர் தேவாலயத்துப் பெண்களும் ஸ்டேடியத்துக்குப் போனார்கள். ஹெரான்ஸ் என்ற உள்ளூர் ஃபுட்பால் அணி ஆடுகிற ஞாயிறுகளில் அங்கே தீனிக் கடைகளில் நிற்பவர்கள் பாதிப் பேர் இப்படிப்பட்டவர்கள்தான். ஏதாவது ஒரு கோயில், ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியக் குழு. சம்பளம் கிடையாது. விற்றதில் பத்தில் ஒரு பங்கு அவர்களுடைய நல்ல காரியத்துக்கு. சனிக்கிழமை மாலையே பூசை கண்டுவிட்டு, ஞாயிறு முழுவதும் பியரோகி என்ற கொழுக்கட்டை பொரித்து, குடித்துவிட்டுக் கத்துகிறவர்களுக்குப் பீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

“கடவுளே பத்துல ஒண்ணுதான்டி கேக்கறாரு,” என்பாள் ஜனினாவின் தோழி வாண்டா, எண்ணெய்ச் சட்டியைக் கிளறிக்கொண்டே. “இந்த அணி முதலாளி பத்துல ஒம்போது எடுத்துக்கறாரு. கடவுளை விட இவருக்கு வீட்டுச் செலவு ஜாஸ்தி போல!”

ஜனினா சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். இன்னும் ஒரு ஆட்டப் பருவம் கடையில் நின்றால் போதும், அடுத்த ஜூனில் குளம் திறந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று முதலாளி கேட்டார். முக்கால்வாசிச் செலவைக் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், தர வேண்டும், இல்லாவிட்டால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன் என்றார். கவுண்டி மன்றம் விற்பனை வரியை ஏற்றுவதாகச் சொல்லி, மக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் கூட்டியது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் அணி அலுவலகத்திலிருந்து கோர்ட்னி என்ற பெண் ஜனினாவின் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு ஹெரான்ஸ் சட்டையும் ஒரு காகிதமும்.

“சும்மா நாலு வரிதான், மிஸஸ் கோவல். ஸ்டேடியத்தாலதான் எங்க பிள்ளைங்க நீந்தப்போறாங்கன்னு சொல்லுங்க. உண்மைதானே?”

“சொல்லலேன்னா?”

“அய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல.” கோர்ட்னியின் சிரிப்பு அப்படியே இருந்தது. “ஆனா அந்தக் கடைக்கு எத்தனை பேர் காத்துட்டு இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்ல?”

ஜனினா இரண்டு நாள் செபமாலை சொல்லி யோசித்தாள். கடை போனால் பம்பு போகும், பம்பு போனால் ஜூன் போகும். பிள்ளைகளுக்காக நாலு வரி சொன்னால் நாக்கு தேய்ந்துவிடாது என்று முடிவு செய்தாள்.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. இடது பக்கம் முழுக்க இரும்பு வேலைக்காரர்கள், ஆரஞ்சு மேலங்கியோடு. அவர்களில் டெல்மார் டிப்டனும் இருந்தான். ஜனினாவின் தெருவில் மூன்றாவது வீடு. வசந்த காலத்திலிருந்து வேலையில்லை, மனைவி கேலாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஸ்டேடிய வேலை வந்தால்தான் அவன் வீட்டுக்கு விடியல்.

முதலில் அணியின் ஆள் திரையில் படங்களைக் காட்டினான். பணக்காரர்களுக்குக் கண்ணாடி அறைகள். சூடேறும் இருக்கைகள். பிறகு ஆட்டக்காரர்களின் அறை. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குளங்கள், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பனிநீர். “உடம்பு சீக்கிரம் தேறணும்ல?” என்றான். நீலத் தண்ணீர் திரையில் பளபளத்தது.

ஜனினாவின் காது இரண்டும் சூடாகின. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். மைக்கின் முன் போய் நின்று காகிதத்தை நாலாக மடித்து ஜோல்னாப் பையில் போட்டாள்.

“நான் இந்தச் சட்டையைப் போட்டுட்டு வந்தது உங்களுக்கு நன்றி சொல்ல. எழுதியும் குடுத்துட்டாங்க. ஆனா இப்போ அந்தப் படத்தைப் பாத்தேன். எங்க குளத்துக்கு ஒரு பம்பு வாங்க இந்த ஊர்ல காசில்லையாம். இவங்களுக்கு ரெண்டு குளம் கட்டக் காசிருக்கு. வாரத்துக்கு ஒரு தரம் ஆடுறவன் காலு வலிக்குதுன்னு! நைலான்னு ஒரு குழந்தை கேட்டுச்சு, குளம் என்ன தப்பு பண்ணிச்சுன்னு. நீங்க சொல்லுங்க. என்ன தப்பு பண்ணிச்சு? அந்தக் குழந்தைக்கு ஷூ வாங்கினா அதுலயும் வரி எடுக்கப்போறீங்க. அந்த வரியில இவங்க குளிக்க வெந்நீர். அப்புறம் ஞாயித்துக்கிழமை நாங்க வந்து அவங்க வீட்டுலயே சம்பளமில்லாம—”

சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கி செத்தது.

“நேரம் முடிஞ்சுதும்மா,” என்றார் தலைவர். “உக்காருங்க.”

“இன்னும் முடிக்கலை!” என்று கத்தினாள். காவலாளி எழுந்து வந்தான். யாரோ சிரித்தார்கள்.

இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “அடுத்தது நான், டெல்மார் டிப்டன். என்னோட ரெண்டு நிமிஷத்தை அவங்களுக்குக் குடுக்கறேன்.”

“டேய், பைத்தியமாடா உனக்கு?” என்று பக்கத்தில் இருந்தவன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். “நம்ம வேலைடா அது!”

“வேலை வேணும்னுதான்டா வந்தேன். அதுக்காக அவங்க வாயைப் பொத்தறதை வேடிக்கை பாக்கணுமா?”

சட்டப்படி அதைத் தடுக்க முடியாது. ஒலிபெருக்கிக்கு மறுபடி உயிர் வந்தது. ஜனினா இந்த முறை கத்தவில்லை, அதனால் கேட்டவர்களுக்கு இன்னும் பயமாக இருந்தது. பணமில்லை என்பது பொய், மனமில்லை என்பதே உண்மை என்றாள். முதலாளி தன் வீட்டுக் கூரையைத் தன் காசில் போட்டுக்கொள்ளட்டும், டெல்மாருக்கு வேலை தர வேண்டுமென்றால் ஒழுகுகிற பள்ளிக்கூடங்கள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன என்றாள். ஏழையின் பையில் கைவிட்டவனிடம் கடவுள் ஒரு நாள் கேட்பார் என்று முடித்தாள்.

தீர்மானம் நிறைவேறியது. மன்றத்தில் எதிர்த்து எழுந்தவை இரண்டே கைகள்.

வாசலில் டெல்மாரைத் தேடிப் பிடித்து நன்றி சொல்லப் பார்த்தாள். “விடுங்க மிஸ் ஜனினா,” என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவனுடைய ஆட்கள் அவனோடு நடக்கவில்லை.

மறுநாளே கோர்ட்னி கூப்பிட்டுக் கடையை வேறு கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். குரலில் அதே சிரிப்பு.

“உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தா குளத்துப் பூட்டு கழண்டிருக்கும்,” என்றாள் வாண்டா. கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா நல்லா கேட்டடி,” என்றாள்.

குளம் திறக்காமலே ஜூன் போயிற்று. ஜனினா கோயிலில் முழந்தாளிட்டுக் கடவுளோடு சண்டை பிடித்தாள். சொன்ன வேலையாவது டெல்மாருக்கு வந்ததா என்றால் அதுவும் இல்லை. இரும்பு வேறு மாநிலத்தில் தயாராகி, அதைப் பொருத்தும் ஆட்களோடு வந்து இறங்கியது. உள்ளூர்க்காரர்களில் வெகு சிலரைத்தான் எடுத்தார்கள். டெல்மாரைக் கூப்பிட ஆளில்லை. அவன் எங்கோ தூரத்துப் பாலத்தில் வேலை பிடித்து, திங்கள் போய் வெள்ளி திரும்பினான்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை முழங்கால் உயரம் பனி விழுந்தது. ஞாயிறன்று பெரிய ஆட்டம் இருந்ததால் நகராட்சியின் பனி வண்டிகள் ஸ்டேடியத்தைச் சுற்றியே ஓடின. இவர்கள் தெருவுக்கு ஒன்றுகூட வரவில்லை. ஜனினா சன்னல் வழியாகப் பார்த்தாள். டெல்மார் வீட்டுப் படி இருந்த இடமே தெரியவில்லை. நிறைமாதக் கேலா வேலைக்குப் போகக் காலை ஏழு மணிப் பேருந்துக்கு இதில்தான் நடக்க வேண்டும்.

ஜனினா பனி வாரும் ஷவலை எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு வாரலுக்கும் ஒருவரைத் திட்டினாள், முதலாளியை, மன்றத் தலைவரை, திரையில் படம் காட்டியவனை. மூச்சு வாங்கியது, கோபம் தீரவில்லை, கை நிற்கவில்லை. படி, நடைபாதை, பேருந்து நிற்கும் முனை வரை வாரித் தள்ளினாள். பிறகு படியில் வழுக்காமல் இருக்க உப்பு தூவினாள்.

கேலாவின் சமையலறையில் விளக்கு எரிந்தது. அவள் கதவைத் திறப்பதற்குள் ஜனினா ஷவலைத் தோளில் சாத்திக்கொண்டு, பின்சந்து வழியாகக் காலைப் பூசைக்கு நடந்தாள்.